எத்தனை காலம் கழித்து: கால்புண் பதிவேட்டுக்கு எந்தப் புள்ளியியல் முறை பொருந்தும்?

டர்பனின் தெற்கே சாட்ஸ்வொர்த்திலோ வடக்கே ஃபீனிக்ஸிலோ உள்ள ஒரு நீரிழிவு கிளினிக், காலில் புண்ணோடு வருகிறவர்களுக்கென்று ஒரு பதிவேடு வைத்திருப்பதாகக் கொள்வோம். தென்னாப்பிரிக்காவின் இந்திய வம்சாவளியினரிடையே இரண்டாம் வகை நீரிழிவு நெடுங்காலமாகவே மிகுதி என்பதால், அந்தப் பதிவேட்டில் தமிழ்ப் பெயர்களுக்குப் பஞ்சம் இருக்காது. புண் முதன்முதலில் பதிவான தேதி, வயது, எச்பிஏ1சி அளவு (கடந்த சில மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டுவது), புகைபிடிக்கும் பழக்கம், கடைசியாக வந்துபோன தேதி, விரலோ பாதமோ காலோ அகற்றப்பட்டிருந்தால் அந்தத் தேதி ஆகியவை அதில் இருக்கின்றன. அதை வைத்து ஆய்வேடு எழுதும் இளம் மருத்துவரும், மேலிடத்துக்கு அறிக்கை தர வேண்டிய செவிலியரும் கேட்பது ஒரே கேள்விதான்: புண் கண்ட நாளிலிருந்து உறுப்பை அகற்றும் நாள்வரை எவ்வளவு காலம் செல்கிறது, அந்தக் காலத்தைக் குறுக்குவது எது?

இத்தகைய கேள்விகளுக்கான புள்ளியியல் பிரிவுக்குச் சர்வைவல் அனாலிசிஸ், அதாவது வாழ்நாள் பகுப்பாய்வு என்று பெயர். அதில் முறைகள் பல உண்டு. காக்ஸ் மாதிரியா, வெய்புல் மாதிரியா (இரண்டையும் பின்னால் பார்ப்போம்) என்ற வாதத்தில்தான் பெரும்பாலோர் நேரத்தைச் செலவிடுகிறார்கள். ஆனால் முறையை உண்மையில் தீர்மானிக்க வேண்டியவை வேறு இரண்டு: பதிவேட்டிலிருந்து மறைந்தவர்கள் ஏன் மறைந்தார்கள் என்பதும், நாம் எதிர்பார்த்த நிகழ்வுக்கு முன்பே வேறொரு நிகழ்வு வந்து அதற்கு வழியில்லாமல் செய்துவிட்டதா என்பதும். இவ்விரண்டையும் முதலில் கேட்டுவிட்டால் மற்றத் தேர்வுகள் பெரும்பாலும் தாமாகவே அமைந்துவிடும்.

முதலில் கைக்கு எட்டுவது சதவீதம். ஓராண்டுக்குள் உறுப்பு அகற்றப்பட்டவர்கள் இத்தனை பேர் என்று எண்ணி, ஆம்-இல்லை என்ற விடையைப் பல காரணிகளோடு இணைத்துப் பார்க்கும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் வழியாகக் காரணிகளை ஆராய்வது. எல்லோரையும் ஓராண்டு முழுவதும் பின்தொடர்ந்திருந்தால் இதில் தவறேதும் இல்லை. கேள்வி எளிது, விடையும் எளிது. ஆனால் கிளினிக் பதிவேடுகள் அப்படி இருப்பதில்லை. பத்துப் பேரைக் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். 3, 8, 12 ஆகிய மாதங்களில் ஒவ்வொருவருக்கு உறுப்பு அகற்றப்படுகிறது. 5, 9, 10 ஆகிய மாதங்களில் ஒவ்வொருவர் வருவதை நிறுத்திவிடுகிறார். மற்ற நால்வர் ஓராண்டுக்குப் பிறகும் நம் பார்வையில் இருக்கிறார்கள். வராமற்போன மூவருக்கும் ஒன்றும் நேரவில்லை என்று கொண்டால், ஓராண்டில் தப்பியவர்கள் 70 சதவீதம். அந்த மூவரைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டால், எழுவரில் நால்வர், அதாவது ஏறத்தாழ 57 சதவீதம். பதிவேடு ஒன்றுதான், அதிலிருந்து 13 புள்ளிகள் விலகிய இரண்டு விடைகள் வருகின்றன. இரண்டுமே கையிலுள்ள தகவலில் ஒரு பகுதியை வீணாக்குகின்றன, ஏனெனில் பத்தாம் மாதம்வரை உறுப்பு இழக்காமல் வந்துகொண்டிருந்தவர் அந்தப் பத்து மாதங்களுக்கு முழுச் சாட்சியாக இருக்கிறார்.

அந்தச் சாட்சியத்தை உள்ளபடி எடுத்துக்கொள்வது கப்லான்-மையர் முறை. எட்வர்ட் கப்லான் பெல் ஆய்வகத்தில் கடலடித் தொலைபேசிக் கேபிள்களுக்கான வெற்றிடக் குழாய்களின் ஆயுளைப் பற்றியும், பால் மையர் மருத்துவ ஆய்வுகளில் நோயாளிகளின் ஆயுளைப் பற்றியும் தனித்தனியே ஒரே வழியைக் கண்டு, 1958-இல் அதைக் கூட்டுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நிகழ்வு நேரும் ஒவ்வொரு கணத்திலும், அப்போது பார்வையில் இருந்தவர்களுள் எத்தனை பேர் தப்பினார்கள் என்ற பின்னத்தை எடுத்து, அவற்றைப் பெருக்கிக்கொண்டே போவதுதான் அது. மேற்சொன்ன பத்துப் பேருக்கு 9/10, 7/8, 4/5 ஆகிய மூன்றையும் பெருக்கினால் 0.63 கிடைக்கும், ஆக, ஓராண்டில் தப்புவோர் 63 சதவீதம். இடையில் போனவர்கள், போன நாள்வரை பின்னத்தின் கீழெண்ணான பகுதியில் எண்ணப்பட்டு, அதன்பின் சத்தமில்லாமல் விலகிக்கொள்கிறார்கள்; இப்படி விலக்குவதற்குத் துண்டிப்பு என்று பெயர். இரண்டு குழுக்களின் கோடுகளை ஒப்பிட லாக்-ராங்க் சோதனை துணைக்கு வரும். பாதிப் பேருக்கு நிகழ்வு நேரும் காலத்தைக் கோட்டிலிருந்தே படித்துவிடலாம். கோடு 50 சதவீதத்துக்குக் கீழே இறங்காதபோது அந்த எண் கிடைக்காது, அதற்காகச் சராசரியைக் கணக்கிட்டு எழுதுவதும் கூடாது.

இந்தப் பெருக்கல் நியாயமாக இருக்க ஒரு நிபந்தனை உண்டு. வராமற்போனவர்கள், வந்துகொண்டிருப்பவர்களைப் போன்றவர்களாகவே இருக்க வேண்டும். டர்பனில் இது எளிதில் கைகூடும் நிபந்தனை அன்று. நல்ல வேலை கிடைத்து மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தவர் அரசு கிளினிக்கை விட்டுத் தனியார் மருத்துவரிடம் போய்விடுகிறார். மகனோடு ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவுக்குக் குடிபெயர்ந்தவர் அங்கே ஃபைல் திறந்துகொள்கிறார். நிலைமை மோசமாகிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர் திரும்பி வருவதில்லை. முதலாமவர் சராசரியைவிட நலமானவர், மூன்றாமவர் சராசரியைவிட மோசமானவர். இருவரையும் 'தொடர்பு விடுபட்டவர்' என்ற ஒரே கட்டத்தில் குறித்துவைத்தால், பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது.

இந்தப் பாடத்தை இந்த நாடு எச்.ஐ.வி. சிகிச்சையில் கற்றிருக்கிறது. வசதி குறைந்த நாடுகளின் சிகிச்சைத் திட்டங்களில் தொடர்பு விடுபட்டவர்களைத் தேடிச் சென்று பார்த்த ஆய்வுகளை 2009-இல் ஒன்றுசேர்த்தபோது, தேடிக் கண்டறியப்பட்டவர்களுள் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் இறந்திருந்தார்கள். அவர்களைச் சாதாரணத் துண்டிப்பாகக் கொண்டு வரைந்த கப்லான்-மையர் கோடுகள் திட்டத்தின் வெற்றியை மிகைப்படுத்தியே காட்டியிருக்கும். தென்னாப்பிரிக்காவில் இதற்கு ஒரு வழி உண்டு: 13 இலக்க அடையாள எண் பதிவாகியிருந்தால், உரிய அனுமதியோடு தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டில் இறப்பைச் சரிபார்க்கலாம். எச்.ஐ.வி. ஆய்வாளர்கள் அப்படித்தான் விடுபட்டவர்களின் இறப்பைக் கண்டறிந்து, அதற்கேற்ப எடையிட்டு மதிப்பீடுகளைத் திருத்தினார்கள். நம் கால்புண் பதிவேட்டிலும் எந்த மாதிரி என்று யோசிப்பதற்கு முன், அடையாள எண்கள் எத்தனை பேருக்கு முழுமையாக இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதே அதிகப் பயன் தரும். எவ்வளவு நுட்பமான மாதிரியும் பதிவேட்டில் இல்லாத இறப்பைக் கண்டுபிடித்துத் தராது.

அடுத்த கேள்வி இறப்பைப் பற்றியது. காலில் புண் வந்த நீரிழிவு நோயாளிகளுள் பலருக்கு இதயமும் சிறுநீரகமும் ஏற்கெனவே பழுதுபட்டிருக்கும்; உறுப்பை அகற்றும் கட்டம் வருமுன்பே இறந்துவிடுவோர் கணிசமானவர்கள். குடிபெயர்ந்தவருக்கு நாளை லெனேசியாவில் கால் அகற்றப்படலாம். இறந்தவருக்கு அந்த நிகழ்வே இனி இல்லை. இருவரையும் ஒரே மாதிரித் துண்டித்தால், இறந்தவரும் தொடர்ந்து உயிரோடிருந்து, மற்றவர்களைப் போலவே உறுப்பிழக்கும் வாய்ப்போடு நடமாடுகிறார் என்று கணக்கு எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு வேறுபாடு வரும் என்பதற்குக் கற்பனை எண்கள் போதும். 1000 பேரில் ஒவ்வோர் ஆண்டும், ஆண்டுத் தொடக்கத்தில் உறுப்போடும் உயிரோடும் இருப்பவர்களுள் 10 சதவீதத்தினருக்கு உறுப்பு அகற்றப்படுகிறது, 20 சதவீதத்தினர் இறக்கிறார்கள். முதல் ஆண்டில் 100, இரண்டாம் ஆண்டில் 70, மூன்றாம் ஆண்டில் 49 என்று மூன்று ஆண்டுகளில் உண்மையில் உறுப்பு இழப்பவர்கள் 219 பேர். இறப்பைத் துண்டிப்பாகக் கொண்ட கப்லான்-மையர் கணக்கோ 0.9-ஐ மூன்று முறை பெருக்கி, 271 பேர் என்று சொல்லும். அறுவைக் கூடமும் செயற்கைக் காலும் எத்தனை பேருக்குத் தேவைப்படும் என்று திட்டமிடும் நிர்வாகத்துக்கு அந்த 52 பேர் வெறும் எண்களில் மட்டுமே வாழ்பவர்கள்.

எனவே இந்தப் பதிவேட்டுக்கு முதல் படமாக வரைய வேண்டியது, இறப்பைப் போட்டி நிகழ்வாக, அதாவது எதிர்பார்த்த நிகழ்வுக்கு வழியடைப்பதாக ஏற்று, மேலே 219 என்று எண்ணியதைப் போல உண்மையில் உறுப்பிழந்தவர்களைக் கூட்டிக்கொண்டே போகும் குவி நிகழ்வுக் கோடுதான் என்பது என் தீர்ப்பு. கப்லான்-மையர் கோடு வேண்டுமென்றால், உறுப்பிழக்காமல் உயிரோடிருத்தல் என்று இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்து ஒரே முடிவாக்கிக்கொண்டு வரையலாம். அங்கே அது முற்றிலும் சரி. கால் இரத்த ஓட்ட ஆய்வுகளில் அந்தக் கூட்டு முடிவு பரவலாகப் பயன்படுகிறது. அதன் குறை, ஒரு சிறுவிரலை அகற்றியதும் மரணமும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கப்படுவது. நோயாளிக்கு அது ஒன்றாகத் தோன்றாது.

காரணிகளை ஆராயும் இடத்தில் காக்ஸ் வருகிறார். டேவிட் காக்ஸ் 1972-இல் முன்வைத்த மாதிரியின் அழகு, அடிப்படை இடர் வீதம் (அதுவரை தப்பியவர்களுக்கு அந்தக் கணத்தில் நிகழ்வு நேரும் வேகம்) காலத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்பதைச் சொல்லாமலே, புகைபிடிப்பவரின் இடர் பிடிக்காதவருடையதைப் போல் எத்தனை மடங்கு என்ற இடர் விகிதத்தை மட்டும் மதிப்பிடுவதில் இருக்கிறது. ஒவ்வொரு நிகழ்வின்போதும், அந்தக் கணத்தில் பார்வையில் இருந்தவர்களுள் ஏன் இவருக்கு நேர்ந்தது என்று அது கேட்கிறது. இங்கே டர்பனில் காசநோயும் எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்த 642 நோயாளிகளைக் கொண்டு நடந்து, 2010-இல் வெளியான சாபிட் ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. காசநோய்ச் சிகிச்சை நடக்கும்போதே எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்கியவர்களிடையே 100 நபர்-ஆண்டுகளுக்கு (ஒருவரை ஓராண்டு பின்தொடர்ந்தால் ஒரு நபர்-ஆண்டு) 5.4 இறப்புகளும், காசநோய்ச் சிகிச்சை முடிந்தபின் தொடங்கவிருந்தவர்களிடையே 12.1 இறப்புகளும் பதிவாயின; இடர் விகிதம் 0.44. முன்னதைப் பின்னதால் வகுத்தாலே ஏறத்தாழ 0.45 வந்துவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். குழுக்கள் சீட்டுக் குலுக்கல் போலச் சமவாய்ப்பில் பிரிக்கப்பட்டிருந்தால், நபர்-ஆண்டு என்ற பழைய எளிய கணக்கும் ஏறக்குறைய அதே இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வயது, எச்பிஏ1சி, புகை என்று பலவும் பின்னிக்கிடக்கும் கிளினிக் பதிவேட்டில்தான் காக்ஸின் உதவி இன்றியமையாததாகிறது.

காக்ஸ் மாதிரி எதிர்பார்ப்பது, இரண்டு குழுக்களின் இடர் விகிதம் தொடக்கம்முதல் இறுதிவரை மாறாமல் இருப்பதை. கால்புண்ணில் அது உடைவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. தொற்று ஏறிய புண்ணோடு வந்தவருக்கு முதல் சில வாரங்களில் ஆபத்து பலமடங்கு. அதைத் தாண்டிவிட்டவருக்கோ மற்றவர்களோடு பெரிய வேறுபாடு இருக்காது. இந்த இரண்டையும் சராசரியாக்கித் தரும் ஒற்றை எண், பதிவேட்டை எத்தனை மாதம் பின்தொடர்ந்தோம் என்பதைப் பொறுத்து மாறும். நுரையீரல் புற்றுநோய்க்கான ஜெஃபிடினிப் மருந்தை ஆராய்ந்த, 2009-இல் வெளியான ஐபாஸ் ஆய்வு இதற்குப் பேர்போனது: இரண்டு கோடுகளும் ஆறாம் மாதத்தை ஒட்டி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தும், இடர் விகிதம் 0.74 என்று ஒரே எண்ணாக அறிவிக்கப்பட்டது. குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு அம்மருந்து பெரும் நன்மையும், அது இல்லாதவர்களுக்குத் தீமையும் செய்ததன் கலவையே அந்தக் குறுக்குவெட்டு. ஆகவே இடர் விகிதம் காலத்தோடு மாறுகிறதா என்று காட்டும் ஷோன்ஃபெல்ட் எச்சங்களைப் பார்க்காமல் காக்ஸ் முடிவை எழுதக் கூடாது. நிபந்தனை உடைந்திருந்தால், முதல் மூன்று மாதம், அதற்குப் பிந்தைய காலம் என்று பிரித்து இரண்டு விகிதங்கள் தரலாம். அல்லது ஓராண்டு எல்லைக்குள் சராசரியாக எத்தனை மாதம் நிகழ்வின்றிக் கழிந்தது என்ற வரையறுத்த சராசரிக் காலத்தைக் குழுக்களுக்கிடையே ஒப்பிடலாம். இரண்டாவது வழியை நான் விரும்புவதற்குக் காரணம், 'சராசரியாக ஒன்றரை மாதம் கூடுதல்' என்பதை நோயாளியின் குடும்பத்துக்குச் சொல்ல முடியும், 'இடர் விகிதம் 0.7' என்பதைச் சொல்ல முடியாது.

போட்டி நிகழ்வு இருக்கும்போது காக்ஸையும் இரண்டு விதமாக எழுதலாம், இங்கேதான் ஆய்வேடுகள் அதிகம் தடுமாறுகின்றன. ஒன்று, உயிரோடு இருப்பவர்களை மட்டும் வைத்து உறுப்பகற்றலின் இடரை ஆராய்வது. காரணவாரிக் காக்ஸ் எனலாம். மற்றது, 1999-இல் ஃபைனும் கிரேயும் முன்வைத்தது. அதில் இறந்தவர்களும் பின்னத்தின் பகுதியிலேயே இருத்தப்படுகிறார்கள். கேட்பதற்கு விநோதமாக இருந்தாலும், குவி நிகழ்வுக் கோட்டோடு நேரடியாகப் பொருந்துவது அந்த இரண்டாவதுதான். 80 வயது மூதாட்டியை எடுத்துக்கொள்வோம். முதுமை உறுப்பகற்றலின் இடரைச் சிறிதும் மாற்றவில்லை என்றே வைத்தாலும், அவர் விரைவில் இறக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், உறுப்பு அகற்றப்பட்டவர் பட்டியலில் அவர் சேரும் வாய்ப்பு குறைவு. ஃபைன்-கிரே மாதிரி முதுமைக்கு 1-ஐவிடக் குறைந்த எண்ணைத் தரும். அதைப் பார்த்து முதுமை காலைக் காக்கிறது என்று எழுதிவிடக் கூடாது. எது நோயை விரைவுபடுத்துகிறது என்பது கேள்வியானால் காரணவாரிக் காக்ஸ். இந்த நோயாளிக்கு மூன்றாண்டில் எவ்வளவு வாய்ப்பு என்ற முன்கணிப்பு வேண்டுமானால் ஃபைன்-கிரே. நம் இளம் மருத்துவரின் கேள்வி முதல் வகை, நிர்வாகத்தின் கேள்வி இரண்டாம் வகை. மருத்துவர் இறப்புக்கும் தனியே ஒரு காரணவாரி மாதிரி எழுதி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஐயத்துக்கு இடமிருக்காது.

கோட்டின் வடிவத்தை ஒரு சூத்திரத்தால் முன்கூட்டியே வரையறுத்துக்கொள்ளும் வெய்புல் போன்ற அளவுரு மாதிரிகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். பொருள்களின் உறுதியை ஆராய்ந்த சுவீடன் பொறியாளர் வாலோடி வெய்புல்லின் பெயர் தாங்கிய இந்தப் பரவல், இடர் காலத்தோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை ஒரே வடிவ எண்ணில் சொல்லிவிடும். 1-ஐவிடக் குறைவானால் இறங்குமுகம். பதிவேடு முடியும் காலத்துக்கு அப்பால், அதாவது மூன்றாண்டுத் தரவிலிருந்து பத்தாண்டுச் செலவைக் கணிக்க வேண்டும் என்றால் இத்தகைய மாதிரி இல்லாமல் முடியாது, காக்ஸ் அங்கே வாய் திறக்காது. வேறொரு நன்மையும் உண்டு: இடர் விகிதத்தைக் கால விகிதமாக மாற்றிச் சொல்லலாம். இடர் இரண்டு மடங்கு என்றால் காலம் பாதியாகக் குறையும் என்று பலர் எண்ணுகிறார்கள். வடிவ எண் 1 ஆக இருந்தால் மட்டுமே அது உண்மை. வடிவ எண் 0.5 ஆக இருந்தால் காலம் கால்பங்காகச் சுருங்கும். ஆனால் தரவுக்கு அப்பால் நீளும் கோட்டின் வடிவத்தைத் தீர்மானிப்பது தரவு அன்று, நாம் தேர்ந்த பரவல். வெய்புல், லாக்-நார்மல், லாக்-லாஜிஸ்டிக் ஆகிய மூன்று பரவல்களும் மூன்றாண்டுவரை ஒன்றாகவே ஓடிவிட்டுப் பத்தாம் ஆண்டில் வெகுதூரம் பிரிந்துபோகலாம் என்பதால், குறைந்தது இரண்டு பரவல்களின் விடைகளையாவது காட்டாத முன்கணிப்பை நான் நம்புவதில்லை.

மாதிரி எதுவானாலும், காலத்தின் தொடக்கமும் முடிவும் சரியாகக் குறிக்கப்படாவிட்டால் பயனில்லை. அறுவைக்குத் தேதி உண்டு, ஆகவே உறுப்பகற்றலில் சிக்கல் குறைவு. அதே பதிவேட்டில் விழித்திரைப் பாதிப்பையும் ஆராய விரும்பினால் கதை வேறு. ஆண்டுக்கொரு முறை கண் பரிசோதனை நடந்தால், பாதிப்பு இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே எங்கோ தொடங்கியது என்பது மட்டுமே தெரியும். டர்பன் அமைந்துள்ள குவாசுலு-நேட்டால் மாகாணத்தின் வடபகுதியில் நடந்த எச்.ஐ.வி. கண்காணிப்பில் இதே சிக்கல் எழுந்தது. கடைசியாகத் தொற்றில்லை என்று கண்ட தேதிக்கும் முதலில் தொற்று கண்ட தேதிக்கும் நடுப்புள்ளியைத் தொற்று நாளாகக் கொள்வது நெடுநாள் வழக்கம். பரிசோதனைகளுக்கிடையே பல ஆண்டு இடைவெளி விழும்போது அது தொற்றுகளையெல்லாம் ஆய்வுக் காலத்தின் நடுப்பகுதியில் குவித்து, இறுதி ஆண்டுகளில் தொற்று குறைந்துவிட்டதைப் போன்ற பொய்த்தோற்றம் தரும் என்று பின்னர் காட்டப்பட்டது. இடைவெளி குறுகியதென்றால் நடுப்புள்ளி போதும்; நீண்டதென்றால் இடைவெளித் துண்டிப்புக்கென்றே உள்ள டர்ன்புல் முறைக்குப் போவது நல்லது.

தொடக்கத் தேதியில் விழும் பிழை இன்னும் நயவஞ்சகமானது. கிளினிக் தரும் தனிக் காலணி பயன் தருகிறதா என்று பார்க்க, காலணி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் புண் கண்ட நாளிலிருந்து ஒப்பிடத் தோன்றும். காலணி வந்துசேர ஆறு மாதம் ஆகும் என்றால், அதைப் பெற்றவர் எல்லோரும் அந்த ஆறு மாதம் காலை இழக்காமல் இருந்தவர்கள். அவர்களுக்கு வெற்றி முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது. ஆஸ்கர் விருது பெற்ற நடிகர்கள் மற்ற நடிகர்களைவிட ஏறத்தாழ நான்கு ஆண்டு கூடுதலாக வாழ்கிறார்கள் என்று 2001-இல் வெளியான ஆய்வு இதே கண்ணியில் சிக்கியது. விருது பெறும்வரை உயிரோடு இருந்த ஆண்டுகளையும் விருதின் கணக்கில் வைத்ததைத் திருத்தியபோது அந்த நன்மை ஓராண்டு அளவுக்குச் சுருங்கியது. காலணியைக் காலத்தோடு மாறும் காரணியாகக் காக்ஸ் மாதிரியில் கொடுத்துவிட்டால், பெறும்வரையிலான மாதங்கள் பெறாதவர் பக்கத்திலேயே சரியாக எண்ணப்படும்.

கணினி இன்று ஒரு தடையே அன்று. ஆர் மொழியின் சர்வைவல் தொகுப்பு இலவசம், மேற்சொன்னவற்றுள் பெரும்பகுதியை அது ஒன்றே செய்துதரும். ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருள் உள்ளவர்களுக்கும் குறையில்லை. தடையாக இருப்பது நிகழ்வுகளின் எண்ணிக்கை. பதிவேட்டில் 600 பேர் இருக்கலாம். உறுப்பு அகற்றப்பட்டவர்கள் 30 பேர் மட்டுமே என்றால், காக்ஸ் மாதிரியின் பலம் அந்த 30-ஐத்தான் சார்ந்திருக்கும். ஒரு காரணிக்குப் பத்து நிகழ்வு என்ற பழைய வழக்கு கறாரான விதி அன்று என்றாலும், 30 நிகழ்வுகளை வைத்துக்கொண்டு பன்னிரண்டு காரணிகளைச் சோதிப்பவருக்குக் கிடைக்கும் நம்பக இடைவெளிகள் (மதிப்பீடு எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்பவை) எதையும் சொல்லாத அளவுக்கு விரிந்திருக்கும். அப்படிப்பட்ட பதிவேட்டுக்கு என் பரிந்துரை: அடையாள எண்கள் வழியாக இறப்புகளைச் சரிபார்த்தபின் குவி நிகழ்வுக் கோடு ஒன்று; வயது, தொற்று, எச்பிஏ1சி ஆகிய மூன்று காரணிகளோடு காரணவாரிக் காக்ஸ் ஒன்று, தொற்றின் விளைவு மட்டும் முதல் மூன்று மாதத்துக்கும் பிந்தைய காலத்துக்கும் தனித்தனியாக. அந்த மூன்று காரணிகளையும், பதிவேட்டை மூடும் தேதியையும், தரவைத் திறப்பதற்கு முன்பே தாளில் எழுதித் துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். ஃபைன்-கிரே மாதிரியை நிர்வாகம் முன்கணிப்புக் கேட்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாண்டுகூட முடியாத இந்தப் பதிவேட்டில் வெய்புல்லுக்கு இப்போது வேலை இல்லை.